வெள்ளத்தின் வரைபடத்தில் நம் தெரு எங்கே?

(தூத்துக்குடி ஜில்லாவில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை.)



இன்று நான் பேச வந்திருப்பது கூலி உயர்வைப் பற்றி அல்ல, போனஸைப் பற்றியும் அல்ல. தண்ணீரைப் பற்றி. "தண்ணீரைப் பற்றி எங்களுக்கா பாடம்?" என்று பின்வரிசைத் தோழர்கள் சிரிப்பது தெரிகிறது. நியாயமான சிரிப்புத்தான். தாமிரபரணித் தண்ணீரில் நாற்று நட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். மடை திறக்கவும் மடை அடைக்கவும் எந்த எஞ்சினீயரும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த அறிவை நம்பித்தான் இன்று பேசப் போகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் யாரும் மறக்கவில்லை. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62. கரிசல் பூமியான கோவில்பட்டியில் 53. இந்த ஜில்லாவில் ஒரு வருஷம் முழுவதும் சராசரியாகப் பெய்கிற மழையைக் காயல்பட்டினம் ஒரே நாளில் தாண்டிவிட்டது. ஸ்ரீவைகுண்டம் அருகே தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றது. சுமார் 800 பயணிகள் சிக்கிக் கொண்டார்கள். கோரம்பள்ளம் குளம் உடைந்தது. தூத்துக்குடி நகரத் தெருக்களில் படகு ஓடியது.

95 சென்டிமீட்டர் என்றால் என்ன அளவு? ஒரு ஏக்கர் நிலத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 38 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரியில் ஏற்றினால் 320 லாரி. ஒரே ஒரு ஏக்கரில்!

"இப்படிப் பெய்தால் யார் என்ன செய்ய முடியும்? இயற்கையின் சீற்றம்!" என்று சொல்லிக் கையை விரிப்பவர்கள் உண்டு. மழையை நிறுத்த முடியாது, உண்மைதான். ஆனால் பெய்த மழை எந்த வழியாக ஓடும், எந்தத் தெருவில் இடுப்பளவு நிற்கும், எந்தத் தெருவில் கணுக்காலோடு போய்விடும் என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா? முடியும், தோழர்களே. அந்த விஞ்ஞானத்தைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

எங்கே பெய்யும், எங்கே பாயும்?

பெரிய ஆற்றில் நாள்கணக்கில் தண்ணீர் ஏறி வருவது ஒரு வகை வெள்ளம். மழை கொட்டிய ஆறு மணி நேரத்துக்குள் ஓடையும் வாய்க்காலும் பொங்கித் தெருவுக்குள் பாய்வது இன்னொரு வகை. இதைத் திடீர் வெள்ளம் என்கிறார்கள். இதுதான் ஆளைக் கொல்வது. காரணம், மூட்டை கட்ட நேரம் கொடுக்காது. நடுநிசியில் வரும்.

வானிலை இலாகா மழை எச்சரிக்கை கொடுக்கிறது. ஜில்லாவுக்குக் கொடுக்கிறது. ஜில்லா பெரியது. அதே ஜில்லாவில் ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெரு தப்பும். மழை எங்கே பெய்யும் என்பது வானத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. பெய்தது எங்கே பாயும் என்பது நிலத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. நிலத்தைப் பார்த்துச் சொல்வதற்கு மழை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் உட்கார்ந்துகூட அந்தக் கணக்கைப் போட்டு முடிக்கலாம்.

அந்தக் கணக்குக்கு முக்கியமாக இரண்டு விவரம் வேண்டும். ஒன்று, நிலத்தின் மேடு பள்ளம். இரண்டு, மண்ணின் குணம்.

மேடு பள்ளத்தின் கணக்கு

நீங்கள் உடுத்தியிருக்கிற கட்டம் போட்ட கைலியைப் பாருங்கள். பாவும் ஊடும் குறுக்கே ஓடிக் கட்டம் கட்டமாக இருக்கிறது அல்லவா? ஜில்லாவின் மேல் அப்படியொரு கட்டத் துணியைப் போர்த்தியதாக நினைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டமும் 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஒவ்வொரு கட்டத்துக்கும் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று ஓர் எண் எழுதியிருக்கிறது. இந்த எண்களை 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடம் ஒன்று 11 நாள் பூமியைச் சுற்றி ராடார் அலையால் அளந்தது. 2005ல் நமது தேசம் அனுப்பிய கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளும் படம் எடுத்து இத்தகைய எண்களைத் தந்தது. இரண்டும் பொதுமக்கள் காசில்லாமல் எடுத்துக் கொள்ளக்கூடியவை.

இனி கணக்கு சுலபம். தண்ணீர் எப்போதும் பக்கத்திலுள்ள தாழ்ந்த கட்டத்துக்கு ஓடும். இந்தக் கட்டத்துக்கு மேலே எத்தனை கட்டங்களின் தண்ணீர் வந்து சேருகிறது என்று எண்ணிக்கொண்டே போகலாம். பத்துக் கட்டத்துத் தண்ணீர் சேரும் இடம் ஒன்று. பத்தாயிரம் கட்டத்துத் தண்ணீர் சேரும் இடம் இன்னொன்று. அடுத்து, சாய்வு. சாய்வு செங்குத்தாக இருந்தால் தண்ணீர் வேகமாக இறங்கும். சாய்வு நின்று நிலம் சமமாகும் இடத்தில் தேங்கும். மூன்றாவது கணக்கு, பக்கத்திலிருக்கிற ஓடையின் தரையிலிருந்து இந்தக் கட்டம் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பது. கடல் மட்டத்திலிருந்து உயரமாக இருப்பதால் மட்டும் ஓர் ஊர் தப்பிவிடாது. மலைமேல் இருக்கிற ஊரும் ஓடைக்கு இரண்டடி மேலே இருந்தால் அபாயத்தில்தான் இருக்கிறது.

நம் தாமிரபரணியை எடுத்துக் கொள்ளுங்கள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. சுமார் 125 கிலோமீட்டர்தான் ஓட்டம். மலையிலிருந்து கடகடவென்று இறங்கிய ஆறு, பாபநாசம் தாண்டியதும் சமநிலத்துக்கு வந்துவிடுகிறது. எட்டு அணைக்கட்டுகள் குறுக்கே நிற்கின்றன. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டினால் ஏரல், ஆத்தூர் என்று வாழையும் வெற்றிலையும் நெல்லும் விளைகிற தாழ்ந்த பூமி. மேலேயிருந்து வேகமாக வருகிற தண்ணீருக்கு அங்கே வேகம் இல்லை, பரவுவதற்கு இடம் மட்டும் இருக்கிறது. வடக்கே கரிசல் காட்டில் பெய்த மழையோ ஓடைகள் வழியாகத் தூத்துக்குடிப் பக்கம் இறங்குகிறது. மேடு பள்ளத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் டிசம்பர் வெள்ளம் போகிற பாதையின் பெரும்பகுதி காகிதத்தில் முன்பே தெரிந்திருக்கும்.

மண்ணின் வயிறு

அடுத்து மண். நம் ஜில்லாவில் எத்தனை வகை மண் இருக்கிறது என்று உங்களில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லுவார். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசல். சாத்தான்குளம், உடன்குடி பக்கம் சிவப்பு மணல் குன்றுகளான தேரி. ஆற்றோரம் வண்டல். ஆங்காங்கே செம்மண்.

தேரியில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் கொட்டிய இடத்திலேயே காணாமல் போகும். கரிசல் அப்படியல்ல. கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்திருக்கும். முதல் மழை அந்த வெடிப்புக்குள் இறங்கிவிடும். நாலு நாள் நனைந்ததும் களி உப்பிக்கொண்டு வெடிப்பு மூடிக்கொள்ளும். அதற்குமேல் பெய்கிற தண்ணீருக்கு உள்ளே போக வழி இல்லை. ஊறிய கரிசலில் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நீர் இறங்கும். மிச்சமெல்லாம் ஓடைக்கு. ஆகவே, ஐப்பசியில் பெய்த அதே மழை மார்கழியில் பெய்தால் வெள்ளம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகலாம். மண்ணுக்கு வயிறு நிறைந்திருக்கிறதா என்பது முக்கியமான கேள்வி.

நெல் வயலைப் பாருங்கள். நாமே சேற்று உழவு உழுது, தண்ணீர் கீழே இறங்காதபடி மண்ணைக் குழைத்து வைக்கிறோம். டிசம்பரில் பிசானப் பயிர் நிற்கிறது. வயலில் முன்பே தண்ணீர் கட்டியிருக்கிறது. குளங்களும் நிரம்பியிருக்கின்றன. அப்போது விழுகிற மழைக்கு நம் வயலில் இடமில்லை.

இதை விஞ்ஞானிகள் எண்ணாக்கியிருக்கிறார்கள். மண்ணை நான்கு வகுப்பாகப் பிரிக்கும் முறையை அமெரிக்க மண் பாதுகாப்பு இலாகா சென்ற நூற்றாண்டின் நடுவில் வகுத்தது. நம் நாட்டிலும் அதைக் கையாளுகிறார்கள். நன்றாக உறிஞ்சும் மணல் முதல் வகுப்பு. ஊறினால் உறிஞ்சாத களி நான்காம் வகுப்பு. மண்ணோடு, மேலே மரமா, பயிரா, சிமெண்ட் தரையா என்பதையும் சேர்த்து, ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். 20 சென்டிமீட்டர் மழை பெய்வதாக வைத்துக் கொள்ளுங்கள். உறிஞ்சுகிற நிலத்துக்கு மதிப்பெண் 50 என்றால் அதிலிருந்து ஐந்தரை சென்டிமீட்டர் தண்ணீர்தான் வழிந்தோடும். உறிஞ்சாத நிலத்துக்கு மதிப்பெண் 90 என்றால் 17 சென்டிமீட்டர் ஓடும். மழை ஒன்றுதான், ஓடுகிற வெள்ளம் மூன்று மடங்கு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 95 சென்டிமீட்டர் கொட்டினால் நல்ல மண்ணும் தோற்றுப்போகும். அதே கணக்கின்படி, உறிஞ்சுகிற நிலத்திலிருந்தும் சுமார் 70 சென்டிமீட்டர் வழிந்தோடிவிடும். நடுத்தரமான கனமழையில் மண் நம்மைக் காப்பாற்றும். பேய்மழையில் நிலத்தின் மேடு பள்ளந்தான் தீர்ப்புச் சொல்லும். அதனால்தான் இரண்டையும் ஒருசேரப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

2020 அக்டோபரில் இந்திய வானிலை இலாகா இந்தியா, நேபாளம், பூட்டான், வங்காளதேசம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளுக்காகத் திடீர் வெள்ள வழிகாட்டி முறை ஒன்றைத் தொடங்கியது. மண் எவ்வளவு ஊறியிருக்கிறது, இன்னும் எவ்வளவு மழை பெய்தால் ஓடை பொங்கும் என்று கணக்கிட்டு, 6 மணி நேரத்துக்கு முன்னதாக எச்சரிக்கையும் 24 மணி நேரத்துக்கு முன்னதாக அபாயக் குறிப்பும் கொடுப்பது அதன் வேலை. சுமார் 4 கிலோமீட்டருக்கு 4 கிலோமீட்டர் என்ற அளவில் நிலத்தைப் பிரித்துப் பார்க்கிறது. இது நல்ல காரியம். விஞ்ஞானிகளின் உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்தப் படத்தில் நம் தெருவைத் தேடினால் கிடைக்குமா?

ஒரே கட்டத்தில் ஏழு வீடு

நான் முதலில் சொன்ன கட்டத்துக்கு வாருங்கள். 30 மீட்டருக்கு 30 மீட்டர் என்றால் 900 சதுர மீட்டர். அதாவது 22 சென்ட். நம் தோழர்களின் குடியிருப்பு மனை மூன்று சென்ட் என்று வைத்துக் கொண்டால், ஒரு கட்டத்துக்குள் ஏழு வீடு அடங்கிவிடும். ஏழு வீட்டுக்கும் செயற்கைக்கோள் ஒரே உயரத்தைத்தான் எழுதுகிறது. அந்த உயரத்திலும் சில மீட்டர் கூடுதல் குறைச்சல் உண்டு. மலையில் சில மீட்டர் பிழையைப் பொறுத்துக் கொள்ளலாம். ஏரல், ஆத்தூர் மாதிரியான சமபூமியில் அரை மீட்டரில் உயிர் இருக்கிறது. திண்ணை வரைக்கும் வந்த தண்ணீருக்கும் பரண் வரைக்கும் வந்த தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தை வானத்துக் கண் பார்ப்பதில்லை.

இன்னொன்று. 2000ல் அளந்த படத்துக்கு அதற்குப் பிறகு போட்ட நான்கு வழிச்சாலை தெரியாது. உயர்த்திய சாலைமேடு தெரியாது. அந்த மேட்டுக்கு அடியில் போதிய பாலம் வைத்தார்களா இல்லையா என்பது தெரியாது. ஆற்றில் மணல் அள்ளிய பள்ளம் தெரியாது. தாமிரபரணி மணல் கொள்ளையை எதிர்த்துத் தோழர் ஆர். நல்லகண்ணு மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் வழக்குப் போட்டுத் தாமே வாதாடி, 2010ல் தடை வாங்கினார். ஆறு என்றால் அதன் மணலும் சேர்ந்ததுதான் என்று அன்றே நம் இயக்கம் சொன்னது. மணலை வாரினால் ஆற்றின் தரை மாறுகிறது. தரை மாறினால் தண்ணீரின் பாதை மாறுகிறது. பாதை மாறினால் பழைய படம் பொய்யாகிறது.

எழுதாத வெள்ளம் வராத வெள்ளமா?

மூன்றாவது குறைதான் பெரிய குறை. இதைக் கவனமாகக் கேளுங்கள்.

இப்போது கம்ப்யூட்டருக்குப் பழக்கிக் கொடுத்து வரைபடம் தயாரிக்கிறார்கள். எப்படிப் பழக்குகிறார்கள்? இன்னின்ன இடங்களில் முன்பு வெள்ளம் வந்தது, இன்னின்ன இடங்களில் வரவில்லை என்று ஒரு ஜாபிதாவைக் கொடுக்கிறார்கள். வெள்ளம் வந்த இடத்தில் சாய்வு எப்படி, மண் எப்படி, ஓடை எவ்வளவு தூரம் என்று அது ஒப்பிட்டுப் பார்க்கிறது. பிறகு, அதே லட்சணமுள்ள வேறு இடங்களைச் சிவப்பாகக் காட்டுகிறது. புதிதாக ஆலைக்கு வந்த பையன் மூத்த தொழிலாளியின் கையைப் பார்த்துப் பழகுவதைப் போலத்தான். மூத்தவர் தப்பாகக் காட்டினால் பையனும் தப்பாகத்தான் பழகுவான்.

சரி, அந்த ஜாபிதா எங்கிருந்து வருகிறது? சர்க்கார் ரிக்கார்டிலிருந்து, பத்திரிகைச் செய்தியிலிருந்து, செயற்கைக்கோள் படத்திலிருந்து. ஒவ்வொன்றாகப் பாருங்கள். ரோடு உடைந்தால் ரிக்கார்டில் ஏறும். ரயில் நின்றால் பத்திரிகையில் வரும். பயிர் அழிந்தால் பட்டாதாரர் பெயரில் நஷ்டம் எழுதப்படும். காலனித் தெருவில் இரவு பத்து மணிக்கு ஏறி விடிகாலை நான்கு மணிக்கு வடிந்த வெள்ளத்தை யார் எழுதினார்கள்? நனைந்துபோன நெல்லும், மிதந்துபோன ஆடும், ஒரு மாதம் இல்லாமல் போன கூலி வேலையும் எந்த ரிஜிஸ்தரில் இருக்கின்றன? நிவாரணப் பட்டியல் பணம் கொடுப்பதற்கான பட்டியல். ரேஷன் கார்டைப் பார்த்துப் போடுவது. வீட்டுக்குள் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பதற்கான பட்டியல் அல்ல.

செயற்கைக்கோள் பார்க்காதா என்று கேட்கலாம். மேகத்தை ஊடுருவிப் பார்க்கிற ராடார் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. ஆனால் ஓர் ஊருக்கு மேல் அவை சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும். சில மணி நேரத்தில் வந்து வடிந்த வெள்ளம் அவற்றின் கண்ணில் படாது. தென்னந்தோப்புக்கு அடியிலும், நெருக்கமான வீடுகளுக்கு நடுவிலும் நிற்கிற தண்ணீரையும் அவற்றால் சரியாகப் பார்க்க முடியாது.

விளைவு என்ன? நம் தெருவின் வெள்ளம் எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாத வெள்ளம் கம்ப்யூட்டருக்கு வராத வெள்ளம். அது நம் தெருவுக்குப் பச்சை வர்ணம் தீட்டிவிடும். "இங்கே அபாயம் இல்லை" என்று அர்த்தம். பச்சை வர்ணம் தீட்டிய தெருவுக்கு எச்சரிக்கை கடைசியில் வரும். படகு கடைசியில் வரும். வடிகாலுக்குப் பணமும் கடைசியில்தான் வரும். எந்திரம் வஞ்சகம் செய்யவில்லை, தோழர்களே. ரிக்கார்டு எழுதிய சமுதாயத்தின் கண் எங்கே மூடியிருந்ததோ, அங்கே எந்திரத்தின் கண்ணும் மூடிக்கொள்கிறது.

பள்ளம் யாருக்குக் கிடைத்தது?

தண்ணீர் ஜாதி பார்ப்பதில்லை, பணக்காரன் ஏழை பார்ப்பதில்லை என்று சொல்வார்கள். தண்ணீர் பார்ப்பதில்லைதான். ஆனால் ஊரை அமைத்தவர்கள் பார்த்தார்கள். மேட்டில் கோயில், மேட்டில் மிராசுதார் வீடு, குளத்துக்கரை ஓரத்திலும் வாய்க்கால் பள்ளத்திலும் உழைப்பாளியின் குடிசை. நகரத்துக்குப் பிழைக்கப் போனால் அங்கேயும் மலிவான வாடகை ஓடைக்கரையில்தான். நிலவரைபடத்தில் மண்ணும் சாய்வும் மட்டும் இல்லை. நூறு வருஷத்து வர்க்க வரலாறும் ஜாதி வரலாறும் இருக்கிறது.

2020 ஆகஸ்ட் 6ந் தேதி இரவு கேரளத்தின் இடுக்கி ஜில்லாவில் பெட்டிமுடி என்ற இடத்தில் மலைச்சரிவு தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள். அவர்களில் பலருக்கு வேர் எங்கே? நம் கயத்தாறு பக்கத்தில். கரிசல் காட்டில் பஞ்சம் பிழைக்க வழியில்லாமல் மலையேறிய குடும்பங்களின் சந்ததிகள். அது வெள்ளமல்ல, மண்சரிவு. இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: சாய்வு, மண், மழை, அதன் கீழே யாரைக் குடிவைத்தார்கள் என்ற கேள்வி. லயத்தை எங்கே கட்டுவது என்று தீர்மானித்தவர்கள் லயத்தில் தூங்கவில்லை.

வரைபடத்தைக் காட்டி விரட்டுவார்களா?

இங்கே ஒரு தோழர் மனதில் ஒரு கேள்வி எழும். எழ வேண்டும். "நம் தெருவைச் சிவப்பாகக் காட்டினால், அபாயப் பகுதி என்று சொல்லி நம்மைக் காலி செய்துவிட மாட்டார்களா?"

இந்தப் பயம் ஆதாரமில்லாத பயம் அல்ல. சென்னையில் 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து உழைப்பாளிக் குடும்பங்களைப் பெரும்பாக்கம் போன்ற தூரத்துக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். வேலை ஓரிடம், வீடு ஓரிடம் என்றாயிற்று. அந்தப் பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்ந்த பகுதி. அங்கேயும் மழைநீர் சூழ்கிறது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி இன்னொரு வெள்ளக்காட்டில் கொண்டுபோய் விட்ட கதை இது.

அதற்காக வரைபடமே வேண்டாம் என்று சொல்லலாமா? கூடாது. படம் இல்லாவிட்டால் வெள்ளம் வராமல் போய்விடாது. படம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் பிரச்னை. ஆபீஸ் பீரோவில் இருந்தால் நம்மை விரட்டுவதற்கு ஆயுதமாகும். நம் கையில் இருந்தால் நியாயம் கேட்பதற்கு ஆதாரமாகும். முழுப் படத்தையும் விரித்துப் போட்டால் நம் குடிசை மட்டுமா தெரியும்? மேலே குளத்து நீர்ப்பிடிப்பை மடக்கி வேலி போட்டவனும் தெரிவான். ஓடையை மூடி மனைப்பிரிவு போட்டவனும் தெரிவான். தண்ணீர் போக வழியில்லாமல் உயர்த்திய சாலையும் தெரியும். குடிசையை அகற்றுமுன் அவற்றை அகற்று என்று கேட்க அந்தப் படமே சாட்சி.

வீடு மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் நம் நிபந்தனை இது: அதே ஊரில், வேலைக்கு நடந்து போகிற தூரத்தில், மேட்டு நிலத்தில், பட்டாவோடு மனை. மேட்டு நிலம் எது என்பதை அதே வரைபடம் சொல்லும்.

சங்கத்தின் வேலை

என்ன செய்யலாம்? பெரிய செலவில்லாத வேலைகள் சொல்கிறேன்.

முதலாவது, அடையாளம் வைப்பது. 2023 டிசம்பரில் உங்கள் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை எந்த உயரம் என்று உங்களுக்குத் தெரியும். சுண்ணாம்பு அடித்து மறைக்குமுன் அங்கே பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். தேதி எழுதுங்கள். தரையிலிருந்து எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். 1992 நவம்பரில் வந்த தாமிரபரணிப் பெருவெள்ளத்தைக் கண்ட மூத்தவர்களைக் கேட்டு அதற்கும் ஒரு கோடு போடுங்கள். சுவரிலுள்ள இந்தக் கோடு, வானத்திலிருந்து அளந்த எந்த அளவையும்விடத் துல்லியமானது.

இரண்டாவது, நேரம் எழுதுவது. எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது? எந்தத் திசையிலிருந்து வந்தது? எத்தனை மணிக்கு வடிந்தது? முதலில் எந்தக் கரை உடைந்தது? இவற்றைப் பெண்கள்தான் நன்றாகச் சொல்லுவார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு அந்த இரவின் ஒவ்வொரு நிமிஷமும் நினைவிருக்கும்.

மூன்றாவது, நடப்பது. ஆலைத் தோழர்கள் வாராந்திர விடுமுறையில் கிராமத்துத் தோழர்களோடு சேர்ந்து, குளத்துக் கலிங்கிலிருந்து ஓடை கடல் சேரும் வரை நடந்து பாருங்கள். கையில் கிராம வரைபடம் இருக்கட்டும். எங்கே அடைப்பு, எங்கே ஆக்கிரமிப்பு, எந்தப் பாலத்தின் கண் தூர்ந்திருக்கிறது என்று சர்வே நம்பரோடு குறியுங்கள். மண்ணையும் குறியுங்கள். ஈரமண்ணைக் கையில் உருட்டி, திரியாக நீள்கிறதா, உதிர்கிறதா என்று பார்த்துக் களியா மணலா என்று சொல்வது உங்களுக்குக் கைவந்த கலை. மண் நிபுணர்கள் வயலில் செய்கிற சோதனையும் அதுதான்.

நான்காவது, கேட்பது. கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்க வேண்டும். மே தினத்தன்றே கிராம சபை கூடுகிறது. நமக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. கோரிக்கைகள் இவை:

வெள்ள அபாய வரைபடத்தைத் தமிழில், சர்வே நம்பர் அளவில் தயாரித்து, பஞ்சாயத்துச் சுவரிலும் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்ட வேண்டும்.

வரைபடத்தைக் கிராம சபை பார்த்துத் திருத்தம் சொன்ன பிறகே முடிவாக்க வேண்டும். மக்கள் குறித்த வெள்ள மட்டங்களை சர்க்கார் ரிக்கார்டில் ஏற்ற வேண்டும். அந்த வேலைக்கு வருகிறவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும்.

சமபூமிப் பகுதிகளில், விமானத்திலிருந்து லேசர் ஒளியால் அளக்கும் முறையிலோ தரையில் மட்டம் பார்த்தோ உயரங்களைப் புதிதாக எடுக்க வேண்டும். புதிய சாலையும் பாலமும் போடுமுன் தண்ணீரின் பாதையைக் காட்டும் படத்தை மக்கள் முன் வைக்க வேண்டும்.

சிவப்புப் பகுதித் தெருக்களுக்கு முதலில் எச்சரிக்கை, முதலில் படகு, முதலில் வடிகால். வெள்ளத்தால் வேலை இழந்த நாட்களுக்கு விவசாயத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் கூலி.

தோழர்களே! வரப்பைக் கட்டியவன் உழைப்பாளி. குளத்தை வெட்டியவன் உழைப்பாளி. கரை உடைந்த இரவில் மணல் மூட்டையைத் தலையில் சுமந்தவனும் உழைப்பாளிதான். தண்ணீரின் வழி அவனுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது காகிதத்தில் ஏறவில்லை என்பதுதான் குறை. செயற்கைக்கோளின் கட்டத்தையும் நம் சுவரிலுள்ள கோட்டையும் ஒன்று சேர்க்க வேண்டும். விஞ்ஞானியும் விவசாயத் தொழிலாளியும் ஒரே படத்தின் மேல் குனிந்து பார்க்க வேண்டும்.

அடுத்த ஐப்பசிக்குள் ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் குறைந்தது பத்து வீட்டுச் சுவரில் கோடு போட்டு முடிக்கட்டும். பட்டியலைக் கிராம சபைக்குக் கொண்டு வாருங்கள். இன்று மாலையே அளவு நாடாவோடு தொடங்குவோம்.